செப்பேட்டிலிருந்து இணையம் வரை

திருமலையில் மூலவரைத் தரிசித்து வெளிவரும் அன்பர்கள் உண்டியலை நாடி விரைவது வழக்கம். அவ்வுண்டியலுக்கு எதிர்ப்புறத்தில் சிறியதோர் அறை உண்டென்பதைக் கவனிப்பவர் மிகச் சிலரே. அதற்குச் சங்கீர்த்தன பண்டாரம் என்பது பெயர். தாளபாக்கம் அறை என்றும் சொல்வதுண்டு. பண்டாரம் என்றவுடன் பொன்னும் மணியும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. இப்பண்டாரத்திலோ செம்புத் தகடுகளே அடுக்கி வைக்கப்பெற்றிருந்தன. தாளபாக்கம் அன்னமாசாரியர் 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர். அவர் வேங்கடவன்மீது பாடிய கீர்த்தனங்கள் 32,000 என்பது மரபு. அவற்றை ஓலையில் விட்டுவைக்க மனமில்லாத அவருடைய மைந்தர் பெரிய திருமலாசாரியர் செம்பிலே பொறிக்க ஏற்பாடு செய்தார். ஓலையைச் செல் அரிக்கும். செம்பு பல நூற்றாண்டுகள் நிற்கும் என்பது அவர் கருத்தாயிருந்திருக்க வேண்டும். இன்று எஞ்சியுள்ள தகடுகள் சற்றேறக்குறைய 2,500. அவற்றிலுள்ள பாடல்கள் பன்னீராயிரத்துக்கு மேற்பட்டவை.

ஒரு நூல் அழியாதிருத்தல் வேறு. அது மக்களுக்கு எட்டுதல் வேறு. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் வரலாற்றைக்கொண்டு அளந்து பார்ப்பதே இப்பேச்சின் நோக்கமாகும். இணையத்தால் அறிவுக்கு விளைந்தது ஆக்கமா, கேடா என்று எங்கும் வாதிக்கின்றனர். அவ்வாதத்தை மேனாட்டு நூல்களைக்கொண்டு நடத்துவதினும், வேங்கடத்தின் அடிவாரத்திலிருந்து தொடங்குவது நமக்கு உகந்தது. வேங்கடம் தமிழகத்தின் வடவெல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் கூறும். எல்லை கடந்து பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழர்க்கு, எல்லையில் நிகழ்ந்த கதையில் தனியான ஈடுபாடு இருத்தல் கூடும் அன்றோ?

செப்பேடுகளைப் பற்றிய செய்தி ஆங்கிலேயர் காதுக்கும் எட்டியது. சென்னையில் கம்பெனி அதிகாரியாயிருந்த ஏ. டி. காம்ப்பெல் என்பவர் 1816-இல் தெலுங்கு மொழிக்கு ஓர் இலக்கணம் வெளியிட்டார். திருப்பதிக் கோயிலில் ஆயிரக்கணக்கான செப்பேடுகள் உள்ளன, அவற்றில் பழைய தெலுங்கு இலக்கணம் ஒன்று அடங்கியிருக்கிறது என்று அவருக்குச் சிலர் சொல்லியிருந்தனர். அவரும் ஆவலோடு அவற்றைப் பிரதி செய்து வரவழைத்துப் பார்த்தார். பார்த்தபின், அவற்றில் இலக்கணம் ஏதுமில்லை, தெய்வத்தைத் துதிக்கும் பாடல்களே மலிந்திருக்கின்றன என்று தம் முன்னுரையில் எழுதிவிட்டு அப்பால் சென்றுவிட்டார். தென்னாட்டு இசையின் மாபெருங் களஞ்சியம் ஒன்றின் வாயிலில் நின்றவர், தாம் தேடிய சரக்கு இல்லையென்று திரும்பியதை எண்ணும்போது நமக்கு நகைப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன. ஆயினும் அவரைக் குறை கூறுவதற்கில்லை. தேடுவது எதுவோ அதுவே கண்ணுக்குப் படும். இன்று தேடுபொறியில் ஒரு சொல்லைத் தட்டி, வந்த முதல் பத்து விடைகளோடு எழுந்துவிடுகிறவர் செய்வதும் அதுவே.

அதே இலக்கண நூலில்தான் எல்லிஸ் துரை ஒரு குறிப்பு எழுதினார். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை வடமொழியினின்று பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய தனிக் குடும்பத்தவை என்னும் உண்மையைக் கால்டுவெல்லின் நூலுக்கு 40 ஆண்டுகள் முன்னரே அச்சில் நிலைநாட்டிய குறிப்பு அது. திருக்குறளில் தோய்ந்த அப்பெரியாரின் ஆராய்ச்சியும் நெடுங்காலம் ஒரு தெலுங்கு இலக்கணத்தின் முன்பக்கங்களில் கவனிப்பாரற்றுக் கிடந்தது. ஒரே புத்தகத்தில், கண்டும் காணாத செய்தி ஒன்று; எழுதியும் எட்டாத செய்தி மற்றொன்று. அச்சேறிவிட்டால் அறிவு பரவிவிடும் என்று நம்புவோர் இதனைச் சற்றே சிந்திக்கலாம்.

செப்பேடுகள் மீண்டும் கவனத்துக்கு வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. திருமலைக் கோயிலின் நிருவாகம் 1843 முதல் 1933 வரை ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகளின் கையில் இருந்தது. அக்காலத்தின் பிற்பகுதியில், 1922-ஐ ஒட்டி, சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் என்பவர் கோயிலின் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் ஆராயும் பணியில் இறங்கினார். அவர் செய்த தொண்டு இருவகைப்பட்டது. கீர்த்தனங்களைப் படியெடுத்து அச்சிடத் தொடங்கியது ஒன்று. சாசனங்களைத் தொகுத்தது மற்றொன்று. கீர்த்தனப் பணியை அவருக்குப்பின் வேட்டூரி பிரபாகர சாஸ்திரியாரும், மைசூரிலிருந்து வந்த ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மாவும் தொடர்ந்தனர். இவர்கள் உழைத்த கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையத்தைத் தேவஸ்தானம் 1939-இல் நிறுவியது. 1954-இல் திருவேங்கடவன் பல்கலைக்கழகம் பிறந்தபின், 1956-இல் அந்நிலையம் பல்கலைக்கழகத்தின் வசம் சென்றது.

ராள்ளபள்ளியார் எதிர்கொண்ட இடர் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்லல் ஆகாது. செப்பேட்டில் ஒவ்வொரு பாடலின் தலையிலும் இராகத்தின் பெயர் உண்டு; சுரம் இல்லை. பாடலின் உடல் வந்து சேர்ந்தது. உயிரான மெட்டு வழியிலேயே நின்றுவிட்டது. தலைமுறை தலைமுறையாகப் பாடுவோர் இருந்த வரையில் மெட்டை எழுதிவைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை போலும். பாடும் வழக்கம் அற்றுப்போனதும், செம்பினால் அதனைக் காத்துத்தர இயலவில்லை. ஆகவே அவர் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுக்குத் தாமே புதிதாக இசையமைத்தார். சென்னை வித்துவ சபை 1974-இல் அவருக்குச் சங்கீத கலாநிதி என்னும் விருதை அளித்தது. தேவஸ்தானம் 1978-இல் அன்னமாசாரியர் பெயரால் ஒரு திட்டம் வகுத்தது. 1980-ஐ ஒட்டி எம். எஸ். சுப்புலக்ஷ்மி பாடிய இசைத்தட்டுகள் வெளிவந்தன. அவற்றின்பின், தெலுங்கு அறியாத தமிழர் வீடுகளிலும் அன்னமய்யா புகுந்துவிட்டார். இன்று இணையத்தில் அவர் பெயரைத் தேடினால் கச்சேரிகளும் விரிவுரைகளும் அலையலையாக வந்து குவிகின்றன. காம்ப்பெல் புறக்கணித்த பாடல்களுக்கு இவ்வாறு ஒரு மறுவாழ்வு வாய்த்தது.

இனிச் சாசனங்களுக்கு வருவோம். தமிழர் அறிய வேண்டிய செய்தி இங்கேதான் நிறைந்துள்ளது. திருமலை, திருப்பதிக் கோயில்களின் சுவர்களில் உள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. தெலுங்கும் கன்னடமும் பேசிய விஜயநகர வேந்தர்களின் காலத்திலும் கோயிற்கணக்கு தமிழிலேயே எழுதப்பெற்றது. 1513 முதல் 1521 வரை ஏழு முறை திருமலைக்கு வந்த கிருஷ்ணதேவராயர் தம் கொடைகளைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் பொறிக்கச் செய்தார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு: ஒரே ஆணையைப் பலமொழி பேசும் குடிகளுக்கு அவரவர் மொழியில் அறிவிப்பது இன்றைய அலுவலகங்கள் புதிதாகக் கண்டுபிடித்த முறை அன்று.

மிகப் பழைய கொடையாளருள் ஒருவர் ஓர் அரசி. காடவன் பெருந்தேவி என்னும் சாமவை, பத்தாம் நூற்றாண்டில் வெள்ளியாலான ஒரு திருமேனியைக் கோயிலில் எழுந்தருளச் செய்து, அதற்கு அணிகலன்களும் நிலமும் அளித்தாள். இதனை ஆராய்ச்சியாளர் கி.பி. 966-க்கு உரியதாகக் கணிக்கின்றனர். போக ஸ்ரீநிவாசர் எனப்படும் அத்திருமேனிக்கு இன்றும் நாள்தோறும் வழிபாடு நடைபெறுகிறது. அவள் எந்தெந்த அணிகளைக் கொடுத்தாள் என்பதுகூடக் கல்லில் எண்ணி எழுதப்பட்டிருக்கிறது.

பிற்காலச் சாசனங்களைப் படிப்பவர்க்கு முதலில் சலிப்பே தோன்றும். இன்னார் இத்தனை பணம் கொடுத்தார், அதைக்கொண்டு இன்ன ஊரில் ஏரியும் கால்வாயும் வெட்டப்பெற்றன, அவற்றால் மிகுந்த விளைச்சலைக்கொண்டு இன்ன நாளில் இத்தனை படி அமுது படைக்க வேண்டியது என்று ஒரே முறையில் செல்லும். படைத்த பிரசாதத்தில் கொடையாளருக்கு உரிய பங்கு ஒன்று உண்டு. அதற்கு விட்டவன் விழுக்காடு என்று பெயர். எவ்வளவு அழகிய சொல்! கொடுத்தவனுக்கு உரிய கூறு என்பதை இதனினும் சுருக்கமாகச் சொல்லல் அரிது. நூற்றுக்கு இவ்வளவு என்று கணக்கிடும் விழுக்காடு என்னும் சொல்லை இன்று செய்தித்தாள்களில் காண்போர், அது கோயிற்படியில் பயின்ற சொல் என்பதை நினைவில் கொள்ளலாம்.

இச்சாசனங்களைச் சாஸ்திரியாரும் வி. விஜயராகவாசாரியாரும் பதிப்பித்த தொகுதிகளாகத் தேவஸ்தானம் 1930-களில் வெளியிட்டது. அச்சில் வந்தமையால் அவை கடல் கடந்தன. அமெரிக்க வரலாற்றறிஞர் பர்ட்டன் ஸ்டைன் அவற்றை ஆராய்ந்து, திருப்பதிக் கோயில் வழிபாட்டிடமாக மட்டுமின்றி, வந்த காணிக்கையை நீர்ப்பாசனத்தில் முதலிட்டு வேளாண்மையை வளர்த்த பொருளாதார நிலையமாகவும் விளங்கியது என்று 1960-இல் ஒரு கட்டுரை எழுதினார். தென்னிந்திய வரலாற்றை எழுதுவோர் எவரும் இன்று அக்கட்டுரையைக் கடந்து செல்ல இயலாது. சலிப்பூட்டும் கணக்கு எனத் தோன்றியதே வரலாற்றின் சுரங்கமாயிற்று.

சாசனங்களின் முடிவிலே ஒரு வழக்கம் உண்டு. ஸ்ரீவைஷ்ணவர்களின் பணியால் இதனை எழுதினேன் என்று கோயிற் கணக்கர் தம் பெயரைப் பொறிப்பார். திருநின்றவூருடையான் என்னும் பெயர் சாசனத்துக்குச் சாசனம் வருவதைக் காணலாம். தொடக்கத்தில் ஆண்டு, மாதம், பட்சம், திதி, நட்சத்திரம், நடுவே கொடுத்தவர், பெற்றவர், பொருள், இறுதியில் எழுதியவர். யார் சொன்னது, எப்போது சொன்னது, எவர் ஆணையால் எழுதியது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடையில்லாத வாசகம் அச்சுவரில் ஏறுவதற்கில்லை.

இனி நாம் காணவிருப்பது அதே மண்ணில் பிறந்த ஒருவரின் வரலாறு. 1911-இல் வட ஆர்க்காடு, கடப்பை, நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக்கொண்டு உருவான சித்தூர் மாவட்டம், 1953-இல் ஆந்திர மாநிலம் அமையும்வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்துக் காட்டூர் என்னும் சிற்றூரில், ஓர் உழவர் குடும்பத்தில், 1937-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் ராஜ் ரெட்டி பிறந்தார். மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவது அந்நாளைய கிராமப் பள்ளிகளின் முறை. அக்குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல்வர் அவரே. கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்று, ஆஸ்திரேலியாவில் மேற்படிப்பு முடித்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஜான் மக்கார்த்தியிடம் பயின்று 1966-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1969 முதல் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1979-இல் தொடங்கிய இயந்திர மனிதவியல் ஆய்வு நிலையத்தின் முதல் இயக்குநர். கணிப்பொறி அறிவியலில் நோபல் பரிசுக்கு நிகராக மதிக்கப்பெறும் டூரிங் விருதை 1994-இல் எட்வர்ட் ஃபைகன்பாமுடன் பகிர்ந்துகொண்டார்.

அவருடைய தொடக்க கால ஆராய்ச்சி யாதெனில், மனிதர் பேசுவதைக் கணிப்பொறி கேட்டு விளங்கிக்கொள்ளச் செய்வதாகும். இதன் பயன் எழுத்தறியாதவருக்கு எவ்வளவு பெரிது என்பதை நகரத்தில் வளர்ந்த அறிஞர் எளிதில் உணரார். படிப்பறியாத உழவனும் வாயால் கேட்டுக் காதால் விடை பெற வேண்டும் என்பது ராஜ் ரெட்டி பல்லாண்டுகள் வற்புறுத்தி வந்த கருத்து. வானொலி நெடுங்காலமாகப் பாதி வழி சென்று செய்த வேலை அது. விடை சொல்லியது, வினாவைக் கேட்க இயலவில்லை.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அவரும் அவருடைய தோழர்களும் பத்து இலட்சம் நூல் திட்டம் என்ற ஒன்றை மேற்கொண்டனர். எந்த மொழியில் வெளிவந்த நூலாயினும், எந்த நாட்டில் எந்த நேரத்தில் எவர் கேட்டாலும், விலையின்றிக் கிடைக்க வேண்டும் என்பது அதன் குறிக்கோள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை கருவிகளுக்குப் பொருளுதவி செய்தது. இந்தியாவும் சீனாவும் ஆட்களையும் உழைப்பையும் தந்தன. இந்தியாவில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர் என். பாலகிருஷ்ணன் முன்னின்று நடத்தினார். இந்திய மின்னணு நூலகம் என்னும் இதன் இணைய வாயிலை 2003-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கி வைத்தார். பங்குகொண்ட நிறுவனங்களுள் திருமலை திருப்பதி தேவஸ்தானமும் ஒன்று. காட்டூரில் பிறந்தவரின் எண்ணம் கடல் கடந்து சென்று, ஏழுமலையின் அடிவாரத்துக்கே திரும்பி வந்தது.

வேலை நடந்த முறையைச் சுருக்கமாகக் கூறலாம். நூலகங்களிலிருந்து பழம் புத்தகங்களை மூட்டை மூட்டையாகக் கொணர்வர். ஏட்டைக் கவிழ்த்து அழுத்தாமல், விரித்தபடியே மேலிருந்து படம் பிடிக்கும் கருவியில் ஓர் ஊழியர் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். மற்றொருவர் ஓரங்களைச் சீர்செய்வார். வேறொருவர் நூற்பெயர், ஆசிரியர் பெயர், ஆண்டு ஆகியவற்றைத் தட்டச்சு செய்வார். 2007-ஆம் ஆண்டின் இறுதியில் 15 இலட்சம் நூல்களைக் கடந்துவிட்டதாகத் திட்டத்தார் அறிவித்தனர். அவற்றில் சீன நூல்கள் 9,70,000. ஆங்கில நூல்கள் 3,60,000. தெலுங்கு நூல்கள் 50,000. அரபு நூல்கள் 40,000. தமிழ் நூல்களும் ஆயிரக்கணக்கில் இடம்பெற்றன.

பணியின் பெருமையை ஒருசிறிதும் குறைக்காமல் அதன் குறையையும் சொல்ல வேண்டும். நூற்பெயர்களை ரோமன் எழுத்தில் பதிந்தனர். தமிழறியாத கைகள் தமிழ்ப் பெயர்களைத் தட்டியபோது ளகரமும் ழகரமும் படாத பாடு பட்டன. நெடில் குறிலாயிற்று, ஒற்று மறைந்தது, ஆசிரியர் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் பதிப்பகம் நின்றது. நூல் இருக்கிறது, அதனைத் தேடுகிறவர் சரியாக எழுதித் தேடினால் அகப்படாது, எழுதியவர் எப்படிப் பிழை செய்தாரோ அப்படியே தாமும் பிழை செய்தால்தான் அகப்படும். இஃது ஓர் அற்பக் குறை என்று சிலர் கருதலாம். பெயரேட்டில் இல்லாத நூல் நூலகத்திலேயே இல்லாத நூலுக்குச் சமம் என்பதை நூலகப் பணியாளர் எவரும் சொல்வர். அன்றியும், பிடித்தவை வெறும் படங்கள். படத்தில் உள்ள எழுத்தைப் படித்துணரும் ஆற்றல் அந்நாளில் கணிப்பொறிக்கு ஆங்கிலத்தில் இருந்த அளவு தமிழில் இல்லை. ஆகவே நூலின் உள்ளே எச்சொல் எங்கே வருகிறது என்று தேடவும் வழியில்லை. சங்கீர்த்தன பண்டாரத்தின் கதவு திறந்திருந்தும் காம்ப்பெல் வெறுங்கையோடு திரும்பியதைப் போன்ற நிலை இது.

இதனினும் பெரிய இடர் ஒன்று நேர்ந்தது. பதிப்புரிமை நீங்காத நூல்களும் அத்திரட்டில் கலந்திருந்தன. நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நிலைக்கும். முறையீடுகள் எழுந்தன, 2017-ஐ ஒட்டி அந்த இணைய நூலகம் மூடப்பட்டது. 14 ஆண்டுகள் நிலவிய வாயில் அடைபட்டது. ஏறத்தாழ 500 ஆண்டுகளாகச் செப்பேடு இருந்த இடத்தில் இருந்துவர, மின்னெழுத்துக்கு 20 ஆண்டு ஆயுளுங்கூட உறுதியில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று. நற்பேறாக, அந்நூல்களுள் மிகப் பலவற்றை அன்பர்கள் முன்னரே படியெடுத்து, அமெரிக்காவில் இயங்கும் இணைய ஆவணக் காப்பகத்தில் சேர்த்திருந்தனர். இன்று பழந்தமிழ் நூல்களைத் தேடுவோர் பெரும்பாலும் அங்குதான் செல்கின்றனர். நம் அரசின் சார்பில் கரக்பூர் தொழில்நுட்பக் கழகம் அமைத்த தேசிய மின்னணு நூலகம் 2018 ஜூன் 19 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

பெருந்திட்டங்களின் கதை இவ்வாறிருக்க, தமிழர் சிலர் அமைதியாக வேறொரு வழியில் நடந்தனர். 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த டாக்டர் கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்ததே 1995 ஆகஸ்டு 15 அன்றுதான் என்பதை நோக்க, இது மிகவும் முற்பட்ட முயற்சி. பல நாடுகளில் பரவிக்கிடந்த தமிழர்கள் ஊதியமின்றி, ஆளுக்கொரு நூலாக எடுத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தனர். பிறர் பிழை திருத்தினர். தமிழ் எழுத்துக்குக் கணிப்பொறியில் ஒரே முறை இல்லாத காலம் அது. ஒருவர் அனுப்பிய மடல் மற்றவர் திரையில் புரியாத குறிகளாய்த் தெரியும். 1999-இல் சென்னையில் கூடிய மாநாடு விசைப்பலகை முதலியவற்றை வரையறை செய்தது. பின்னர் யூனிக்கோடு என்னும் உலகப் பொதுமுறை நிலைபெற்றது. மதுரைத் திட்டத்தின் நூல்கள் எண்ணிக்கையில் சில நூறுகளே. ஆயினும் அவை படங்கள் அல்ல, எழுத்துகள். ஒரு சொல்லைத் தேடினால் அது நின்ற வரி வந்து நிற்கும். 15 இலட்சம் ஊமை நூல்களைக் காட்டிலும் பேசத் தெரிந்த சில நூறு நூல்கள் எனக்குப் பயனுடையனவாகத் தோன்றுகின்றன. இதனை மறுப்போரும் இருக்கலாம்.

இம்முயற்சியைத் தொடங்கியவர்கள் வெளிநாட்டில் வாழ்ந்தவர்கள் என்பது தற்செயல் அன்று. மதுரையிலும் தஞ்சையிலும் இருப்பவர்க்கு நூலகம் அருகே உண்டு. நாகபுரியிலோ ஜாம்ஷெட்பூரிலோ அலுவல் பார்க்கும் தமிழர் குடும்பத்துக்குப் புறநானூற்று உரை ஒன்று வேண்டுமாயின், ஊர்ப்பயணம் வரும்வரை காத்திருத்தல் வேண்டும். அல்லது உள்ளூர்த் தமிழ்ச் சங்கத்தின் ஓர் அலமாரியில் இருப்பதைக் கொண்டு நிறைவுறுதல் வேண்டும். பசித்தவனே உலை வைத்தான். 2001-இல் தமிழக அரசு தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகமும், 2003-இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவும், இலங்கைத் தமிழ் நூல்களுக்கென 2005-இல் எழுந்த நூலகம் என்னும் திட்டமும் இப்பசியை அறிந்தவையே. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரியுண்டதைக் கண்ட மக்களுக்குப் படியெடுத்து வைப்பதன் அருமை பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நூல்கள் மட்டுமின்றிச் சொற்பொழிவுகளும் இணையத்தில் ஏறிவிட்டன. தொழில்நுட்பக் கழகங்களின் பாடங்கள் 2003 முதல் ஒளிப்பதிவாக எவர்க்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2015-இல் திருப்பதியிலேயே ஒரு தொழில்நுட்பக் கழகமும், அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையமும் தொடங்கப்பெற்றன. அவற்றில் இடம் கிடைக்காத மாணவனும் அக்கழகங்களின் பாடத்தைத் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டல் கூடும். இது சிறிய மாறுதல் அன்று.

ஆயின் கேட்கும் செவிக்கு நாளில் 24 மணியே உள்ளது. ராஜ் ரெட்டி பணிபுரிந்த அதே பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் சைமன் என்னும் பேரறிஞர் இருந்தார். பின்னர் பொருளாதாரத்தில் நோபல் பரிசு பெற்றவர். தகவல் பெருகப் பெருக மனிதரின் கவனம் வறுமையடையும் என்னும் கருத்தை, இணையம் பரவுவதற்கு வெகுகாலம் முன்பே, 1971-இல் அவர் எடுத்துரைத்தார். ஒருவர் எல்லா நூலையும் எல்லார்க்கும் வழங்க முனைந்தார். மற்றவர் எல்லாம் கிடைத்தால் எதைப் படிப்பது என்று வினவினார். இருவரும் ஒரே வளாகத்தினர் என்பது வியப்புக்குரியது.

இங்கே மொழிபெயர்ப்பாளரின் தொல்லை ஒன்றையும் கூறிவிடுகிறேன். தகவல் என்பதும் அறிவு என்பதும் தமிழில் வெவ்வேறு சொற்கள். இணையத்தைப் பற்றிய ஆவணங்களில் இவ்விரண்டும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாகப் புழங்குகின்றன. ஒரு பத்தியில் தகவல் பரவுகிறது என்றிருக்கும், அடுத்த பத்தியில் அதுவே அறிவு பரவுகிறது என்று ஆகியிருக்கும். வேண்டுமென்றே செய்வதில்லை, வேறுபாடு கண்ணில் படாததே காரணம். திருமலைக் கோயிலைப் பற்றிக் கைப்பேசிகளில் நாள்தோறும் பரவும் செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். வியப்பான செய்திகளுக்குக் குறைவில்லை. எழுதியவர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, எச்சாசனத்தில் உள்ளது என்ற குறிப்பும் இல்லை. பத்துப் பேர் அனுப்பினர் என்பதே அதற்கு ஆதாரம். சாசனத் தொகுதிகளோ அதே கைப்பேசியில் விலையின்றிக் கிடைக்கின்றன. தேவஸ்தானமும் தன் வெளியீடுகள் பலவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. சுவரில் ஏறத் தகுதியில்லாத வாசகம் சுவருக்குள்ளிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டு உலவுகிறது. சுவரில் உள்ளதைப் படிப்பவர் அரியர். இந்நிலைக்கு இணையத்தையே முழுப்பொறுப்பாக்குதல் பொருந்தாது. அச்சுக் காலத்திலும் பெரிய எழுத்துக் கதைகள் விற்ற அளவுக்குச் சாசனத் தொகுதிகள் விற்றிரா.

அன்பர்கள் செய்யக்கூடிய பணியொன்றும் உண்டு. விக்கிமூலம் என்னும் இணைய நூலகத்துக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாக, நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை சில ஆண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்தன. இப்போது தமிழ்ப் பக்கத்தின் படத்தைக் கணிப்பொறி ஓரளவு படித்து எழுத்தாக்கிவிடுகிறது, ஓரளவே. மங்கிய அச்சில் ணகரம் னகரமாகும். காலும் ரகரமும் இடம் மாறும். ஆகவே ஒரு பக்கத்தில் படத்தையும் மறுபக்கத்தில் எழுத்தையும் வைத்து, மனிதர் ஒருவர் ஒப்பு நோக்கித் திருத்த வேண்டியிருக்கிறது. திருத்தாத பக்கம் சிவப்புக் குறி பெறும். ஒருவர் திருத்தியபின் மஞ்சள். வேறொருவர் மீண்டும் பார்த்து ஒப்பியபின் பச்சை. இதற்குப் புலமைப் பட்டம் வேண்டுவதில்லை. தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும். இருக்கும் ஊர் எதுவாயினும் தடையில்லை. இரவு உணவுக்குப்பின் இரண்டு பக்கம் பார்க்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இதில் ஈடுபடலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரலாறு அங்கே பதிவாகிறது: யார் திருத்தினார், எந்நாள், எத்தனை மணிக்கு, எந்த எழுத்தை எப்படி மாற்றினார் என்று. திருநின்றவூருடையான் எழுத்து என்று கல்லின் கடைசியில் நிற்பதைப் போல.